கல்லும் கணக்கும்: வெற்றிவீரன் வில்லியமின் கதை



மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரவேண்டும் என்று மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. ஹாஸ்டல் நினைவுகள், மெஸ் சாம்பார், கடைசி நாள் கண்ணீர் இவற்றையெல்லாம் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம்மில் பல பேர் இருக்கிறார்கள். நான் சிவில் படித்தவன். படிப்பு முடிந்த நாளிலிருந்து செங்கல், சிமெண்ட், எஸ்டிமேட் என்றே காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே கட்டடம் சம்பந்தப்பட்ட ஒரு ராஜாவின் கதையைச் சொல்கிறேன். செத்து 900 வருஷத்துக்கு மேல் ஆன ஆள். ஆனால் அவன் கதையில் நம் தொழிலுக்கு வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது.

அவன் பெயர் வில்லியம். பிரான்சின் வடக்கில் நார்மண்டி என்ற பிரதேசத்தின் பிரபு. 1066-இல் கடல் தாண்டிப் போய் இங்கிலாந்தைப் பிடித்து ராஜாவானதால் 'வெற்றிவீரன் வில்லியம்' என்று சரித்திரம் அவனை அழைக்கிறது. அவன் காலத்திலிருந்து நமக்கு மூன்று சொத்துக்கள் வந்திருக்கின்றன. ஒன்று கல்: கோட்டைகளும் தேவாலயங்களும். இரண்டாவது நூல்: பாயூ நகரத்துப் பூத்தையல் துணி. மூன்றாவது கணக்கு: டூம்ஸ்டே புத்தகம். மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் ஆள் முழுசாகத் தெரிகிறான்.

பயத்தில் வளர்ந்த பிள்ளை

வில்லியம் பிறந்தது 1027 அல்லது 1028-இல், ஃபலேஸ் என்ற ஊரில். அப்பா ராபர்ட், நார்மண்டியின் பிரபு. அம்மா ஹெர்லேவா, தோல் பதனிடும் ஒருவரின் மகள் என்று சொல்வார்கள். இரண்டு பேருக்கும் முறைப்படி கல்யாணம் ஆகவில்லை. அந்தக் குறையைச் சொல்லி ஊர் அவனை ஆயுள் முழுக்கக் கேலி பேசியது.

ராபர்ட் ஜெருசலேமுக்கு யாத்திரை போனான். திரும்பி வரும் வழியில் 1035-இல் இறந்துபோனான். பிரபு பட்டம் ஏழெட்டு வயசுப் பையன் தலையில் வந்து விழுந்தது. அவனுக்குக் காப்பாளர்களாக இருந்தவர்களை எதிரிகள் ஒவ்வொருவராகத் தீர்த்துக் கட்டினார்கள். ஆஸ்பெர்ன் என்ற அரண்மனை அதிகாரியைப் பையன் தூங்கிக்கொண்டிருந்த அறையிலேயே கழுத்தை அறுத்துக் கொன்றார்கள். அம்மாவின் சகோதரர் வால்டர் பல ராத்திரிகளில் பையனைத் தூக்கிக்கொண்டு போய் ஏழைகளின் குடிசையில் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார் என்றும் ஒரு செய்தி உண்டு.

இப்படி வளர்ந்த பிள்ளை எப்படி ஆகும்? கல் மாதிரி ஆனான். 1047-இல் பிரெஞ்சு ராஜாவின் உதவியோடு வால்-எஸ்-டூன் என்ற இடத்தில் கலகக்காரப் பிரபுக்களைத் தோற்கடித்தான். அதற்குச் சில வருஷம் கழித்து அலான்சோன் நகரை முற்றுகையிட்டபோது, அங்கே காவலில் இருந்த சிலர் தோலைத் தொங்கவிட்டு அவன் அம்மா வீட்டுத் தொழிலைக் கேலி செய்தார்கள். பிடிபட்டதும் அவர்களின் கையையும் காலையும் வெட்டச் சொன்னான். கேலி அத்தோடு அடங்கியது.

கல்யாணமும் இரண்டு மடாலயங்களும்

இந்தக் கடுமையான ஆசாமிக்குக் குடும்ப வாழ்க்கை நன்றாகவே அமைந்தது. 1050-ஐ ஒட்டி ஃபிளாண்டர்ஸ் பிரபுவின் மகள் மட்டில்டாவைக் கல்யாணம் செய்துகொண்டான். 1049-லேயே போப் இந்தச் சம்பந்தம் கூடாது என்று தடை போட்டிருந்தார். இவன் கேட்கவில்லை. பத்து வருஷம் இழுபறிக்குப் பிறகு, 1059-இல் வேறொரு போப் மன்னித்தார். பிராயச்சித்தமாகக் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு மடாலயம் கட்டினார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி.

இரண்டும் கான் என்ற நகரத்தில் இன்றும் நிற்கின்றன. மட்டில்டா கட்டியது பெண் துறவிகளுக்கு, திரித்துவ ஆலயம். அது 1066 ஜூன் 18-இல் அர்ப்பணம் செய்யப்பட்டது. வில்லியம் கட்டியது ஆண் துறவிகளுக்கு, புனித ஸ்தேவான் ஆலயம். அது 1077-இல் அர்ப்பணமானது. முகப்பில் இரண்டு கோபுரம், நடுவில் எந்த அலங்காரமும் இல்லாத வெறும் சுவர், வரிசை வரிசையாக அரைவட்ட வளைவு ஜன்னல். அலட்டல் இல்லாத முகப்பு. பின்னால் வந்த பல பெரிய தேவாலயங்கள் இந்த இரட்டைக் கோபுர முகப்பைப் பின்பற்றின.

கானைச் சுற்றிக் கிடைக்கும் சுண்ணாம்புக்கல் இளமஞ்சள் நிறம். வெட்டி எடுக்கும்போது மெதுவாக இருக்கும், செதுக்க லகு. காற்றுப் பட்டதும் இறுகிவிடும். கொத்தனார்களுக்கு வரப்பிரசாதம். இந்தக் கல்லைப் படகில் ஏற்றிக் கடல் தாண்டி இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்க் கட்டினார்கள் நார்மன்கள். வில்லியமின் மடாலயத்தையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அங்கேதான் திரும்ப வரப் போகிறோம்.

1066

இங்கிலாந்து ராஜா எட்வர்ட் 1066 ஜனவரி 5-இல் வாரிசு இல்லாமல் இறந்தார். மறுநாளே ஹரால்ட் முடிசூட்டிக்கொண்டான். நாட்டைத் தருவதாக எட்வர்ட் தனக்கு வாக்குக் கொடுத்திருந்தார் என்பது வில்லியமின் கட்சி. சாகும்போது தன்னைத்தான் கைகாட்டினார் என்பது ஹரால்டின் கட்சி. ஏப்ரலில் வானத்தில் வால்நட்சத்திரம் தெரிந்தது. நாம் ஹாலி வால்நட்சத்திரம் என்கிறோமே, அதேதான். ஜனங்கள் பயந்துபோனார்கள்.

வில்லியம் மரம் வெட்டிக் கப்பல் கட்டினான். ஆள், குதிரை, உணவு எல்லாம் ஏற்றிக்கொண்டு செப்டம்பர் 28-இல் பெவன்ஸி கரையில் இறங்கினான். மூன்று நாள் முன்னால்தான் ஹரால்ட் வடக்கே ஸ்டாம்ஃபர்ட் பிரிட்ஜில் நார்வே ராஜாவின் படையை முறியடித்திருந்தான். களைத்த படையோடு தெற்கே விரைந்து வந்தான். அக்டோபர் 14-ஆம் தேதி ஹேஸ்டிங்ஸ் அருகே ஒரு மேட்டில் சண்டை. ஒவ்வொரு பக்கமும் சுமார் 7,000 பேர் இருக்கலாம் என்பது சரித்திர ஆசிரியர்களின் மதிப்பீடு. காலையில் தொடங்கிய போர் இருட்டும் நேரத்தில் ஹரால்டின் சாவோடு முடிந்தது.

அந்த இடத்தில் ஒரு மடாலயம் கட்ட உத்தரவானது. அங்கே நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். கட்ட வந்த துறவிகள் மேட்டில் தண்ணீர் இல்லை, இறக்கத்தில் கட்டுகிறோம் என்றார்களாம். ஹரால்ட் விழுந்த இடத்தில்தான் பீடம் வரவேண்டும் என்று வில்லியம் பிடிவாதம் பிடித்தான். தண்ணீர்தானே பிரச்சினை, அதைவிட அதிகமாகத் திராட்சை மது கிடைக்கும்படி செய்கிறேன் என்று சொன்னானாம். உரிமையாளர் ஒரு முடிவோடு வந்துவிட்டால் சைட் மாற்றச் சொல்லி என்ன பேசினாலும் எடுபடாது என்பது அன்றைக்கும் உண்மைதான் போலிருக்கிறது. சரிவை வெட்டிச் சமன் செய்து அங்கேயே கட்டினார்கள். தேவாலயம் 16-ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டுவிட்டது. பீடம் இருந்த இடம் மட்டும் கல் பதித்துக் காட்டப்படுகிறது.

மண்மேட்டுக் கோட்டைகள்

1066 கிறிஸ்துமஸ் தினத்தன்று வெஸ்ட்மின்ஸ்டரில் முடிசூட்டு விழா. உள்ளே ஜனங்கள் வாழ்த்துச் சொல்லிக் கத்தியதைக் கலகம் என்று நினைத்து, வெளியே நின்ற நார்மன் காவலர்கள் பக்கத்து வீடுகளுக்குத் தீ வைத்துவிட்டார்கள். விழாவுக்கு வந்தவர்கள் பாதியில் வெளியே ஓடினார்கள். ஆட்சியின் ஆரம்பமே இப்படி.

பல லட்சம் பேர் இருக்கும் நாடு. பிடித்தவர்களோ சில ஆயிரம் பேர். எப்படிக் காப்பாற்றுவது? வில்லியமின் பதில், கோட்டை. வட்டமாக அகழி தோண்டு. தோண்டிய மண்ணை நடுவில் கொட்டி மேடாக்கு. மேட்டின் தலையில் மரக் கோபுரம் வை. அடிவாரத்தில் மரவேலி போட்டு முற்றம் அமை. அகழியில் எடுத்த மண் மேட்டுக்குப் போதுமானது, வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. கற்ற கொத்தனார் வேண்டாம், உள்ளூர் ஆட்களை மிரட்டி மண்வெட்டியைக் கையில் கொடுத்தால் போதும். 1069-இல் யார்க் நகரில் எட்டு நாள் தங்கி இரண்டாவது கோட்டையை எழுப்பிவிட்டுத்தான் கிளம்பினான் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அவன் காலத்தில் நாடு முழுக்க இப்படிப் பல கோட்டைகள் முளைத்தன.

முதலில் மரம் வைத்ததற்கு அவசரம் மட்டும் காரணமில்லை. புதிதாகக் கொட்டிய மண் பாரம் தாங்காது. யார்க்கின் முதல் மேட்டில் 13-ஆம் நூற்றாண்டில் கல் கோபுரம் கட்டினார்கள். அடுத்த நூற்றாண்டிலேயே மேலிருந்து கீழ் வரை விரிசல் விட்டது. ஸாயில் மெக்கானிக்ஸ் வகுப்பில் தூங்கியவர்கள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

கோட்டை கட்ட நல்ல இடம் எது? நகரத்தின் நடுவில், ஆற்றையும் சாலையையும் பார்த்த மேடு. அங்கே ஏற்கனவே ஜனங்கள் குடியிருந்தார்கள். அவர்களை என்ன செய்தான் என்பதைக் கணக்குப் புத்தகம் வரும்போது சொல்கிறேன்.

1069-70 குளிர்காலம்

இந்த ஒரு அத்தியாயத்தைத் தாண்டிவிட்டு அவன் கட்டடங்களைப் புகழ என்னால் முடியாது. வடக்கு இங்கிலாந்து டேனிஷ் படையின் உதவியோடு கலகம் செய்தது. வில்லியம் படையோடு போய் யார்க்குக்கு வடக்கே ஊர் ஊராக எரித்தான். தானியம், கால்நடை, ஏர், கலப்பை ஒன்றையும் விடவில்லை. சண்டையில் செத்தவர்களைவிடப் பின்னால் பஞ்சத்தில் செத்தவர்கள் அதிகம். யார்க்குக்கும் டர்ஹாமுக்கும் நடுவே ஒன்பது வருஷத்துக்குக் குடியிருக்கும் கிராமமே இல்லை என்று டர்ஹாம் துறவி ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். ஆர்டரிக் என்ற துறவி வில்லியமைப் பல விஷயங்களில் பாராட்டியவர், நார்மண்டி மடத்தில் வாழ்ந்தவர். அவரே இந்தச் செயலை மட்டும் மன்னிக்கவே முடியாது என்ற ரீதியில் எழுதினார்.

வெள்ளைக் கோபுரம்

2019-இல் ஆபீஸ் வேலையாக லண்டன் போயிருந்தபோது, ஒரு சனிக்கிழமை முழுவதும் லண்டன் கோட்டையில் செலவழித்தேன். கூட்டமெல்லாம் ராணியின் நகைகளைப் பார்க்க வரிசையில் நின்றது. நான் நடுவில் நிற்கும் வெள்ளைக் கோபுரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

1070-களின் கடைசியில் ஆரம்பித்த வேலை இது. மேற்பார்வை, ராச்செஸ்டர் பிஷப் குண்டுல்ஃப். நார்மண்டியிலிருந்து வந்த துறவி, கட்டட வேலையில் கெட்டிக்காரர். அளவு 36 மீட்டருக்கு 32 மீட்டர். உயரம் 27 மீட்டர். அடியில் சுவர்ப் பருமன் சில இடங்களில் நாலரை மீட்டர். உடம்பெல்லாம் கெண்ட் பகுதிக் கரடுமுரடுக் கல். ஓரங்களுக்கும் ஜன்னல் விளிம்புகளுக்கும் கானிலிருந்து வந்த கல். வாசல் தரை மட்டத்தில் இல்லை, ஒரு மாடி உயரத்தில் இருக்கிறது. ஆபத்து வந்தால் மரப்படியை எடுத்துவிடலாம். சுவருக்குள்ளேயே கணப்பும் கழிவறையும் வைத்திருக்கிறார்கள்.

மேலே புனித யோவான் சிற்றாலயம். தடித்த உருண்டைத் தூண்கள், அரைவட்ட வளைவுகள், சாய்ந்து விழும் வெளிச்சம். வெளியே பயமுறுத்தும் கட்டடத்துக்குள் இப்படி ஓர் அமைதி. செதுக்கிய கைகள் யாருடையவை என்று எங்கும் எழுதியில்லை. கட்டடம் 1100-ஐ ஒட்டித்தான் முடிந்தது. வில்லியம் அதை முழுசாகப் பார்க்கவேயில்லை. 'வெள்ளை' என்ற பெயரும் பின்னால் வந்ததுதான். 1240-இல் மூன்றாம் ஹென்றி சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார்.

கோல்செஸ்டரிலும் இதே காலத்தில் ஒரு கோட்டை எழும்பியது. பரப்பில் இதைவிடப் பெரியது. ரோமானியர்கள் கிளாடியஸ் சக்கரவர்த்திக்குக் கட்டிய கோயிலின் அடித்தளத்தையே ஃபவுண்டேஷனாக எடுத்துக்கொண்டு, பக்கத்தில் கிடந்த ரோமானியச் செங்கலையும் போட்டுக் கட்டினார்கள். பழைய சாமானை வீணாக்காத நல்ல காண்ட்ராக்டர் புத்தி!

தேவாலயங்களும் ஒரு கண்ணீரும்

கான் மடாலயத்தின் முதல் தலைவர் லான்ஃப்ராங்கை 1070-இல் கேண்டர்பரியின் பேராயராக்கினான் வில்லியம். தீயில் எரிந்துபோயிருந்த கேண்டர்பரி தேவாலயத்தை அவர் ஏழே வருஷத்தில் புதிதாகக் கட்டினார், கான் ஆலயத்தை மாதிரியாக வைத்து. அதற்குப் பிறகு பல ஊர்களில் பழைய ஆங்கிலேய தேவாலயத்தை இடித்துவிட்டு, பெரிதாகப் புதியது கட்டுவது வழக்கமாகிவிட்டது.

வின்செஸ்டரில் 1079-இல் வேலையை ஆரம்பித்தவர் பிஷப் வாக்கலின். கூரைக்கு மரம் கேட்டார். ஒரு காட்டைக் காட்டி, குறித்த சில நாளுக்குள் எவ்வளவு வெட்ட முடியுமோ வெட்டிக்கொள் என்று வில்லியம் அனுமதி கொடுத்தான். பிஷப் சுற்று வட்டாரத்துத் தச்சர்களையெல்லாம் திரட்டி மொத்தக் காட்டையும் வெட்டிவிட்டார்! ராஜா கொதித்துப்போனான் என்று வின்செஸ்டர் மடத்துக் குறிப்பு சொல்கிறது. அங்கே நடுக் கோபுரம் 1107-இல் இடிந்து விழுந்தது. வில்லியமின் மகன் ரூஃபஸை அதன் கீழே புதைத்ததுதான் காரணம், அவன் செய்த பாவம்தான் காரணம் என்று ஊர் பேசியது. வேலை சரியில்லாவிட்டால் அவனைப் புதைக்காவிட்டாலும் விழுந்திருக்கும் என்ற பொருள்பட ஒரு சரித்திரக்காரர் அப்போதே எழுதினார். நம்ம கட்சி ஆள்.

இந்தப் பாணியின் சிகரம் டர்ஹாம் தேவாலயம். 1093-இல், வில்லியம் இறந்து ஆறு வருஷம் கழித்து, அவன் நியமித்த பிஷப் ஆரம்பித்தது. 1133-இல் முடிந்தது. அதுவரை பெரிய கூடங்களுக்கு மரக்கூரைதான். டர்ஹாமில் குறுக்கும் நெடுக்குமாகக் கல் விலா எலும்புகள் போட்டு, நடுவைக் கல்லாலேயே மூடினார்கள். பாரம் எங்கே இறங்குகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். பின்னால் வந்த காதிக் கட்டடக்கலைக்கு அது ஒரு முன்படி.

வூஸ்டரில் நடந்ததை மட்டும் மறக்க முடியவில்லை. அங்கே பிஷப் வுல்ஃப்ஸ்டன், பதவியில் மிச்சமிருந்த ஆங்கிலேயர். அவரும் 1084-இல் புது தேவாலயம் கட்ட ஆரம்பித்தார். பழைய ஆலயத்தை இடித்தபோது நின்று பார்த்துவிட்டு அழுதாராம். முன்னோர்கள் பக்தியோடு கட்டியதை நாம் பேருக்காக இடிக்கிறோமே என்று. அழுதார், ஆனால் வேலையை நிறுத்தவில்லை. அவர் கட்டிய நிலவறை இன்னும் இருக்கிறது. இடிக்கும் நாளில் சைட்டில் நின்றவர்களுக்கு அந்த மனுஷனின் நிலைமை புரியும்.

எழுபது மீட்டர் துணி

அடுத்தது நூல். பாயூ துணியை நெய்த திரை என்பது போன்ற பெயரில் அழைத்தாலும், உண்மையில் அது நெய்தது இல்லை. லினன் துணியில் வண்ணக் கம்பளி நூலால் போட்ட பூத்தையல். நீளம் கிட்டத்தட்ட 70 மீட்டர், உயரம் அரை மீட்டர். ஒன்பது துண்டுகளைச் சேர்த்துத் தைத்தது. வில்லியமின் ஒரே தாய் வயிற்றுச் சகோதரன், பாயூ பிஷப் ஓடோ, 1070-களில் இங்கிலாந்தில் செய்வித்தது என்பது பெரும்பாலோர் கருத்து. பூத்தையலில் அப்போது பேர்பெற்றவர்கள் ஆங்கிலேயப் பெண்கள். அப்படியென்றால், தோற்றவர்களின் கையே ஜெயித்தவனின் கதையைத் தைத்திருக்கிறது.

கப்பல் கட்டுவது, குதிரை ஏற்றுவது, சமைப்பது, வால்நட்சத்திரத்தைப் பார்த்துப் பயப்படுவது எல்லாம் அதில் உண்டு. ஹேஸ்டிங்ஸில் மண்மேடு போடும் காட்சியில் இரண்டு வேலையாட்கள் மண்வெட்டியால் ஒருவரையொருவர் அடித்துக்கொள்கிறார்கள். 950 வருஷத்துக்கு முந்தைய சைட் தகராறு! அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு காட்சி. நார்மன் வீரர்கள் ஒரு வீட்டுக்குத் தீ வைக்கிறார்கள். ஒரு பெண் தன் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறாள். வெற்றியைக் கொண்டாடும் துணியில் அவளுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

துணி தப்பிப் பிழைத்ததே பெரிய விஷயம். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1792-இல், ராணுவ வண்டிக்குப் போர்வையாக எடுத்துப் போக இருந்ததை உள்ளூர் வக்கீல் ஒருவர் மீட்டார். 2007-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தது. அதை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கடனாக அனுப்புவதென்று 2025-இல் அறிவித்தார்கள்.

ராஜா போட்ட சர்வே

1085 கிறிஸ்துமஸுக்கு க்ளாஸ்டரில் கூடிய சபையில் வில்லியம் ஒரு சர்வேக்கு உத்தரவு போட்டான். நம் சர்வே கேம்ப் பத்து நாளிலேயே நமக்கு நாக்குத் தள்ளிவிட்டது, ஞாபகம் இருக்கிறதா? இவன் நாட்டையே அளக்கச் சொன்னான். அதிகாரிகள் மாவட்டம் மாவட்டமாகப் போனார்கள். நிலம் யாருடையது, எத்தனை ஏர், எத்தனை ஆலை, எவ்வளவு காடு, எவ்வளவு மேய்ச்சல், மதிப்பு என்ன? எட்வர்ட் காலத்தில் எப்படி, கைமாறியபோது எப்படி, இப்போது எப்படி? ஊர்க்காரர்களைச் சத்தியம் வாங்கிக்கொண்டு கேட்டார்கள். ஒரு பன்றியைக்கூட விடவில்லை என்று அந்தக் கால ஆங்கிலேயத் துறவி ஒருவர் வெட்கப்பட்டு எழுதினார்.

ஒரே வருஷத்துக்குள் வேலை பெருமளவு முடிந்தது. 13,000-க்கும் மேற்பட்ட ஊர்கள். இரண்டு பெரிய புத்தகங்கள். பெரியதில் ஏறக்குறைய முழுவதும் ஒரே எழுத்தரின் கையெழுத்து. இறுதித் தீர்ப்பு நாளைப் போல் மேல்முறையீடு இல்லாதது என்பதால் ஜனங்கள் அதற்கு டூம்ஸ்டே புத்தகம் என்று பெயர் வைத்தார்கள். இப்போது லண்டனில் க்யூ என்ற இடத்தில், தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

நான் முன்னால் பாக்கி வைத்த விஷயம் இதில்தான் இருக்கிறது. லிங்கனில் கோட்டைக்காகப் போன வீடுகள் 166. நாரிச்சில் 98. ஷ்ரூஸ்பரியில் 51. கேம்பிரிட்ஜில் 27. யார்க் நகரின் ஏழு பகுதிகளில் ஒன்று அப்படியே கோட்டைகளுக்குப் போயிற்று. வடக்கே கிராமம் கிராமமாகப் பாழ் என்ற ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வருகிறது. இடித்தவன் உத்தரவுப்படி எழுதிய புத்தகமே இடித்ததற்குச் சாட்சி சொல்கிறது.

இரக்கத்தில் எழுதியது இல்லை. இடிந்த வீடு வரி கட்டாது, அதனால் கழித்துக் காட்டினார்கள், அவ்வளவுதான். நட்ட ஈடு பற்றிப் பேச்சே இல்லை. ஆனாலும் எண்ணிக்கை எழுதப்பட்டதால் அந்த 166 வீடு இன்றைக்கும் நமக்குத் தெரிகிறது. எழுதாமல் விட்டிருந்தால் கோட்டை மட்டும்தான் தெரியும்.

அறுபது ஷில்லிங்

1087-இல் பிரெஞ்சு எல்லையில் மாந்த் என்ற ஊரை எரிக்கும்போது வில்லியமுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. செப்டம்பர் 9-ஆம் தேதி ரூவானில் உயிர் பிரிந்தது. பெரிய மனிதர்கள் அவரவர் சொத்தைக் காப்பாற்றிக்கொள்ளக் குதிரையேறினார்கள். வேலைக்காரர்கள் பாத்திரம், துணிமணி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, உடம்பை வெறுந்தரையில் போட்டுவிட்டுப் போனார்கள்.

உடலைக் கானுக்கு, அவன் கட்டிய புனித ஸ்தேவான் ஆலயத்துக்கே, கொண்டுவந்தார்கள். பிஷப்புகள் கூடியிருந்தார்கள். குழிக்குள் இறக்கப் போகும் நேரத்தில் கூட்டத்திலிருந்து அஸலின் என்ற ஒரு சாதாரண ஆள் எழுந்தான். இந்த இடம் என் அப்பாவின் வீடு இருந்த இடம், இந்த ராஜா அதைப் பலவந்தமாகப் பிடுங்கிக்கொண்டான், என் நிலத்தில் அவனைப் புதைக்கக் கூடாது என்று கடவுளின் பெயரால் தடுத்தான். பிஷப்புகள் அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள். உண்மை என்று எல்லோரும் சொன்னார்கள். புதைகுழியின் இடத்துக்கு மட்டும் அங்கேயே 60 ஷில்லிங் எண்ணிக் கொடுத்தார்கள். மீதி நிலத்துக்கும் தருவதாக வாக்குக் கொடுத்த பிறகுதான் அடக்கம் நடந்தது.

அப்புறமும் நிம்மதி இல்லை. கல்பெட்டி சிறியதாகப் போய், பருத்த உடம்பை அழுத்தும்போது வயிறு வெடித்து, நாற்றம் தாங்காமல் சடங்கை அவசரமாக முடித்தார்கள். 1562-இல் மதச் சண்டையில் கல்லறையை உடைத்தார்கள். மிஞ்சியது ஒரு தொடை எலும்பு. அதை 1642-இல் மறுபடி புதைத்தார்கள். 1793-இல் புரட்சிக்காரர்கள் அந்தக் கல்லறையையும் உடைத்தார்கள். இப்போது தரையில் ஒரு கல் பலகை இருக்கிறது.

கட்டடமோ உறுதியாக நின்றது. 1944-இல் நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கியபோது கான் நகரம் குண்டுவீச்சில் பெருமளவு தரைமட்டமானது. வீடு இழந்த ஆயிரக்கணக்கானவர்கள் புனித ஸ்தேவான் ஆலயத்திலும் அதையொட்டிய மடாலயத்திலும் வாரக்கணக்கில் தங்கினார்கள். கூரையில் செஞ்சிலுவை அடையாளம் போட்டார்கள். ஆலயம் தப்பியது. அதற்குள் இருந்தவர்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள். ஒருவன் வீட்டைப் பிடுங்கிக்கொண்டு எழும்பிய இடம், ஏறக்குறைய 880 வருஷம் கழித்து வீடு போனவர்களுக்கு வீடானது.

இதனால் அஸலினின் அப்பாவுக்குச் செய்தது நியாயமாகிவிடுமா? ஆகாது. இரண்டும் தனித்தனிக் கணக்கு, ஒன்றை வைத்து மற்றதைக் கழிக்க முடியாது என்பதுதான் எனக்குத் தோன்றுவது. நல்ல கட்டடம் என்று மெச்சுவது ஒரு பத்தி. அதற்காக யார் எழுந்து போனார்கள் என்பது அடுத்த பத்தி. இரண்டும் ஒரே புத்தகத்தில் இருக்க வேண்டும்.

இன்று நம் கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்கள் சாலை போடுவீர்கள், பாலம் கட்டுவீர்கள், அணை கட்டுவீர்கள். காலி மனை என்று உங்கள் கையில் வரும் வரைபடம் பல சமயம் காலியாக இருக்காது. முதல் நாள் சைட்டுக்குப் போகும்போது, இங்கே முன்னால் யார் இருந்தார்கள் என்று பக்கத்து டீக்கடையில் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டதை ஃபைலில் எழுதி வையுங்கள். வில்லியம் காலத்தில் அஸலின் ஒருவனுக்குத்தான் பேசச் சந்தர்ப்பம் கிடைத்தது, அதுவும் ராஜா செத்த பிறகு. நம் காலத்தில் உயிரோடு இருக்கும்போதே கேட்டுவிடலாம்.